சட்டைப்பையில் இருந்த ஆணி

என் எழுத்து மேசையில், பேனாக்கள் செருகிய பால்பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை ஆணி கிடக்கிறது. சுண்டுவிரலின் கடைசிக் கணு அளவுதான் இருக்கும். தலை கிடையாது, கூர் கிடையாது. இரண்டு முனையையும் அரம் போட்டு மழுக்கியது நான்தான். படகின் பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரில், தண்ணீருக்குள் சுற்றும் விசிறியை அதன் தண்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஆணி இது. விசிறி பாறையிலோ கட்டையிலோ மோதினால் முதலில் இது உடையும். இது உடைவதால் எஞ்சின் பிழைக்கும். உடைவதற்கென்றே செய்யப்படுகிற சாமான். இந்த ஒன்றை மட்டும் நான் உடைய விடவில்லை. உப்புக்காற்று இந்தத் தீவில் பூட்டைத் தின்கிறது, கதவுக் கீலைத் தின்கிறது, சைக்கிள் செயினைத் தின்கிறது, வருடங்கள் போனால் மனிதர்களின் கோபத்தையும் தின்றுவிடுகிறது. அதன் வாயில் கொடுக்காமல், வாரத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். சென்ற மாதம் கான்ட்ராக்டர் இறந்துபோனார். இனி எழுதலாம்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நாங்கள் கரிசல்காட்டு ஆட்கள். மழைக்காலத்தில் நிறையும் கண்மாயைத் தவிர வேறு தண்ணீரை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. அத்தானுக்கு, போர்ட் பிளேருக்கு வடக்கே லாங் ஐலண்ட் தீவில் மரம் அறுக்கும் வேலை கிடைத்து, அவர் பின்னாலேயே கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து வந்து சேர்ந்தவள் அவள். சில வருடம் கழித்து அதே மரப்பட்டறையில் ஃபிட்டராக நானும் சேர்ந்தேன். பட்டறை கான்ட்ராக்டருடையது. காட்டில் மரம் வெட்டும் குத்தகை அவருடையது. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நின்ற லாஞ்ச் என்கிற பெரிய மோட்டார் படகும் அவருடையதுதான். அரசாங்கக் கப்பல் வந்தால் வந்தது. மற்ற நாளில் எதிர்க்கரை எராட்டாவுக்கு, அங்கிருந்து ரங்கத் ஆஸ்பத்திரிக்கு, அந்த லாஞ்ச்சை விட்டால் வழியில்லை. அவரும் எங்கள் ஜில்லாக்காரர். எங்கே போனாலும் ஒரு பிரம்பு நாற்காலி கூடவே போகும்; காட்டுக்குள் மரம் அளக்கப் போனால்கூட ஒருவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடப்பான். அவர் நின்று பேசி நான் கண்டதில்லை. "அவரு உக்காந்துதான்டா பேசுவாரு, அது அவரு சுபாவம்" என்பார் அத்தான், ஆடியில் காற்றடிக்கும் என்று சொல்வதைப் போல.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அக்கா உண்டானாள். வலி கண்ட அன்று விடியற்காலையிலேயே கம்பவுண்டர் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். நானும் அத்தானும் கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினோம். லாஞ்ச் புறப்படத் தயாராகப் புகைவிட்டுக்கொண்டு நின்றது. போர்ட் பிளேரிலிருந்து வந்த விருந்தாளிகள் நாலு பேர், கோழிக்கூடை, ஜமுக்காளம், பாடிக்கொண்டிருந்த ஒரு டிரான்சிஸ்டர். ஏதோ ஒரு வெள்ளை மணல் கரைக்கு உல்லாசமாகப் போகிறார்கள்.

"சார், எராட்டா ஜெட்டியில எறக்கிவிட்டுட்டு அப்பிடியே போயிருங்க சார்" என்றார் அத்தான்.

"கெஸ்ட் இருக்காங்கல்லய்யா" என்றார் கான்ட்ராக்டர், நாற்காலியில் இருந்தபடியே. "ரெண்டு மணி நேரத்துல திரும்பிருவோம். அதுவரைக்கும் பொறுத்துக்கட்டும். பொம்பளைங்க பொறுக்காததா?"

லாஞ்ச் ஓட்டும் சாரங் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "ஜகா நஹி ஹை, பாய்" என்றான். இடமில்லையாம். கட்டிலோடு இரண்டு பேர் படுக்க அங்கே இடமிருந்தது. கயிறு அவிழ்ந்தது. டிரான்சிஸ்டர் பாட்டு தண்ணீரின் மேல் வெகுதூரம் கேட்டுக்கொண்டே போனது. ஜெட்டியில் மரக்கட்டைகளின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக்கட்டி, அதன் நிழலில், உச்சிவேளைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரே ஒரு முறை அழுதது. அவ்வளவுதான். லாஞ்ச் திரும்பியபோது சூரியன் சாய்ந்திருந்தது. தார்ப்பாய்க்குள் துணி சுற்றிக் கிடந்ததை நாற்காலியில் சாய்ந்தவாறே எட்டிப் பார்த்து, "அடடா" என்றார் அவர். பிறகு அத்தானிடம், எல்லோர் காதிலும் விழும்படி, "பெட்டி செய்யப் பலகை வேணும்னா பட்டறையில எடுத்துக்கச் சொல்லு" என்றார். மீன் வாசனையும் சாராய வாசனையும் வந்தன. விருந்தாளிகள் தொப்பியைக் கழற்றினார்கள்.

நாலாம் நாள் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து, சாம்பலை விரலால் கோடு கிழித்துக்கொண்டே சொன்னாள்: "எந்திரிக்கக்கூட இல்லடா அவன்." லாஞ்ச் போனதை அவள் சொல்லவில்லை. இடமில்லை என்றதைச் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னாள். "நான் வர்றதப் பாத்தா அவன் எந்திரிச்சு நிக்கணும். ஒரு நாளு இல்ல. சாகுற வரைக்கும்." அத்தான் கஞ்சிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி, "விடு தாயி, நம்ம பொழைக்க வந்தவங்க" என்றார். அவள் கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள். விடவில்லை.

மறுநாள் பட்டறை வாசலுக்குப் போனாள். காவலுக்கு நின்ற ராஞ்சிக்காரரிடம், "சாப் போலா" என்றாள், சாப் சொன்னார் என்று. ஒரு பைன்மா மரப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்துக் காவல்காரர் தலையைச் சொறிந்து, "அவுர் கித்னா, தீதி?" இன்னும் எத்தனை அக்கா, என்று கேட்டபோது, "ஒரு பலகைன்னு உங்க சாப் சொன்னாரா?" என்று தமிழிலேயே திருப்பிக் கேட்டாள். விஷயம் கான்ட்ராக்டர் காதுக்குப் போனது. விருந்தாளிகள் முன்னால் விட்ட வார்த்தை. சிரித்துவிட்டு, கழிவுப் பலகைதானே, தூக்கட்டும் என்றாராம். அப்படி அவர் சிரித்த சிரிப்பிலேயே, அந்தப் பலகைகளில் அக்கா கட்ட நினைத்திருந்த எங்கள் படகின் பாதி முடிந்தது.

வீட்டுக்கு முன்னால் ஓலைச் சாய்ப்பின் கீழே படகைக் கட்டினோம். கட்டினோம் என்றால், எங்களுக்குப் படகு தெரியாது, மாட்டுவண்டி தெரியும். அத்தான் வண்டிச் சட்டத்தின் அளவில் அடிமரத்தை இழைத்தார். வண்டியின் அகலத்தை முழத்தால் அளந்து அக்கா அகலம் சொன்னாள். பலகையை வளைக்க, சாக்கு போட்டு மூடிக் கொதிநீரை ஊற்றி, மேலே கல் ஏற்றி, அதன்மேல் அவளே ஏறி உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்தபடியே அரிசி பொறுக்குவாள். இடுக்குகளுக்குத் துணி வேண்டியிருந்தது. பிள்ளைக்கென்று அவள் மெத்தெனத் துவைத்து மடித்து வைத்திருந்த பழஞ்சேலைத் துண்டுகளைக் கிழித்து, குங்கிலியமும் கர்ஜன் மரத்து எண்ணெயும் காய்ச்சித் தோய்த்து, மழுங்கிய உளியால் ஒவ்வொரு இடுக்கிலும் அடித்து இறக்கினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்து ஒரு மூச்சு விட்டாள். அந்தச் சத்தத்தை இப்போதும் மழை தகரத்தில் விழும்போது கேட்கிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

மோட்டாருக்குக் கான்ட்ராக்டர் வீட்டுக்கே போனாள். கோழிக் கொட்டகையில் ஒரு பழைய அவுட்போர்டு மோட்டார் கிடப்பதை நான்தான் பார்த்துச் சொல்லியிருந்தேன். அதன்மேல் இரவில் கோழிகள் அடையும். எச்சம் கட்டிக் கட்டி மூடியின் நிறமே தெரியாது. கான்ட்ராக்டர் வாசலில் நாற்காலியில் இருந்தார். ஐந்தாறு பேர் கைகட்டி நின்றார்கள். "அந்தக் கோழி மோட்டாரைக் குடுங்க" என்றாள் அக்கா.

"என்னம்மா செய்வ அதை வச்சு? மாவாட்டப் போறியா?"

"ஓட்டத்தான்."

"எடுத்துக்க, எடுத்துக்க. முட்டை இருந்தா மட்டும் திருப்பிக் குடுத்துரு." நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா குனிந்து, மோட்டாருக்கு அடியில் கையை விட்டு, நிஜமாகவே இரண்டு முட்டையை எடுத்து அவர் நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டு வந்தாள்.

அதைப் பிரித்துப் போட்டு, துரு எடுத்து, பிஸ்டனைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, உடைந்த கயிற்றுச் சுருளுக்குப் பதில் வேறு செய்து ஓடவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. விசிறி ஆணிகளை ஒரு பித்தளைக் கம்பியிலிருந்து வெட்டி, ஆறு செய்தேன். இந்த மேசையில் கிடப்பது அந்த ஆறில் ஒன்று. அக்கா தனியாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவளே வெட்டிய ஒரு மரத்திலிருந்து இரண்டு துடுப்பு செதுக்கினாள். மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதற்கு என்றேன். "அதெல்லாம் அவனுது" என்றாள். "என்னுதுன்னு ரெண்டு கட்டையாவது அதுக்குள்ள கெடக்கட்டும்."

படகை இறக்கிய நாளில் ஜெட்டி நிறையக் கூட்டம். நான் கயிற்றை இழுத்தேன், மோட்டார் உறுமியது, படகு ஓர் அங்குலம் நகரவில்லை. விசிறி தண்ணீருக்கு மேலே, காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. பின்பலகையை வண்டிப் பலகையின் உயரத்துக்கு வைத்துவிட்டோம். வண்டியில் தானியம் சிந்தாமல் இருக்க அந்த உயரம் வேண்டும். மோட்டாருக்கு அது அரை முழம் அதிகம். கரிசல்காட்டுக்காரன் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. ஜெட்டியில் பெங்காலியும் தெலுங்கும் மலையாளமும் ஒன்றாகச் சிரித்தன. "மாட்டைக் கட்டுங்கம்மா, மாட்டை!" என்று நாற்காலியிலிருந்து கத்தினார் கான்ட்ராக்டர். அக்கா கரைக்கு வந்து, கூட்டத்தில் நின்ற அத்தானின் கையிலிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பவும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். எல்லோரும் பார்க்க, நானும் அவளும் மோட்டாரைக் கழற்றி, பின்பலகையை அரை முழம் அறுத்துத் தள்ளி, மறுபடி மாட்டினோம். சிரிப்பு ஓய்வதற்கும் ரம்பம் ஓய்வதற்கும் சரியாக இருந்தது. பிறகு கயிற்றை அவளே இழுத்தாள்.

இரண்டு வருடம் அந்தப் படகு ஓடியது. வலி கண்டவர்களை, காய்ச்சல்காரர்களை, பாம்பு தீண்டியவர்களை அக்கா கொண்டுபோய்ச் சேர்த்தாள். சம்பளம் கொடுக்கிறவருக்கு எதிராக இப்படி ஒன்று மிதந்தால் வேலை போய்விடும் என்று அத்தான் தினமும் முணுமுணுத்தார். ஆனால் கான்ட்ராக்டர் கோபப்படவே இல்லை. அதுதான் அக்காவால் தாங்க முடியாதது. ஜெட்டியில் அவரைக் கடந்து போகும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து கையசைப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்: "பலகை என்னுது, மோட்டார் என்னுது. அந்தம்மா நம்ம டிரைவர்." ஊரும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டது. பிழைத்து வந்தவர்களில் சிலர் நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் உட்கார்ந்தபடியே நன்றியை வாங்கிக்கொண்டார்.

பிறகு அந்த நாள் வந்தது. லாஞ்ச் பழுதாகிப் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே பட்டறைக்குப் போயிருந்த நேரம். காலையில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். சாபுக்கு வயிற்றில் வலி, குடல்வால் என்று கம்பவுண்டர் சொல்கிறார், உடனே ரங்கத் போகாவிட்டால் வெடித்துவிடுமாம். நான் அக்காவின் வாயையே பார்த்தேன். 'ரெண்டு மணி நேரம் பொறுக்கச் சொல்லு' என்ற வாக்கியம் அவள் நாக்கில் வந்து நிற்பதை நான் பார்த்தேன் என்றே நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள், கூந்தலை இறுக்கி முடிந்தாள், "தூக்கிட்டு வாங்க" என்றாள். ஜெட்டிக்கு அவரைக் கொண்டுவந்தபோது, ஒருவன் பழக்கதோஷத்தில் பிரம்பு நாற்காலியையும் படகுக்குள் வைக்கப் போனான். அக்கா துடுப்பால் அதைத் தடுத்தாள். "ஜகா நஹி ஹை" என்றாள். படகின் அடியில், பலகைக்கு மேல் ஊறிக் கிடந்த தண்ணீரில், அவரைப் படுக்க வைத்தோம்.

மூன்றில் ஒரு பங்கு தூரம் போயிருப்போம். பட்டென்று ஒரு சத்தம். மோட்டார் அலறியது, படகு நின்றது. தண்ணீருக்கு அடியில் பாதி மூழ்கி மிதந்த ஒரு மரக்கட்டையில் விசிறி மோதி, ஆணி உடைந்துவிட்டது. கட்டை மெதுவாகப் புரண்டு தலையைக் காட்டியது. அதில் கான்ட்ராக்டரின் முத்திரை அடித்திருந்தது. கடலில் இழுத்து வரும்போது கட்டவிழ்ந்து ஓடிப்போன அவருடைய மரம்தான். மாற்று ஆணி போட ஐந்து நிமிடம் போதும். என் சட்டைப்பையில் ஒன்று இருந்தது. கையை வைத்தால் துணிக்கு மேலேயே தட்டுப்பட்டது. அவர் கீழே கிடந்து முனகினார், "என்னாச்சு? என்னாச்சு?" என்று. அவருடைய வெற்றிலைக் காவி படிந்த உதடுகளைப் பார்த்தேன். பொம்பளைங்க பொறுக்காததா என்று கேட்ட உதடுகள். "ஆணி இல்ல" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை; அந்தப் பார்வைக்குள் நான் இன்னும் இருக்கிறேன். பிறகு மோட்டாரை நிறுத்தி, தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டு, துடுப்புகளை மாட்டி வலிக்கத் தொடங்கினாள். நான் கைமாற்றப் போனேன். "தொடாத" என்றாள். வெயில் ஏறியது. எதிர்நீரோட்டம் மாறும்வரை முன்னால் போனதும் பின்னால் வந்ததும் ஒன்றாகவே இருந்தது. அவர் தலை அவள் காலடியில் கிடந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் பல்லைக் கடித்து விட்ட மூச்சு, இடுக்குகளில் துணி அடித்த அதே மூச்சு. அலையாத்தி மரங்களுக்கு இடையில் ஓடை குறுகியபோது அவள் உள்ளங்கையிலிருந்து துடுப்புக் காம்பில் ரத்தம் வழிந்து, முழங்கை வரை வந்து, சொட்டியது. ஒரு சொட்டு அவர் வேட்டியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை. "தாயி" என்றார். அவள் அடுத்த இழுப்புக்குக் குனிந்தாள்.

எராட்டா ஜெட்டியில் நின்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படகில் நாங்கள் இருவரும் இருந்தோம். அக்கா கைகளை உப்புத்தண்ணீரில் முக்கி, ஸ்ஸ் என்று இழுத்தாள். திரும்பாமலே சொன்னாள்: "பையில இருக்கிறத எடு."

எடுத்தேன்.

"நல்லவேளை மாட்டல. மாட்டியிருந்தா, என் மோட்டார்தான் என்னக் காப்பாத்துச்சுன்னு சொல்லியிருப்பான்."

"அவன் செத்துப் போகட்டும்னுதான் நான்…"

"செத்துப்போனா அவனுக்கு மறந்துரும்டா கிறுக்கா. உசுரோட இருந்தாத்தான ஞாபகம் இருக்கும்?" கைகளை உதறினாள். "அதை எங்கிட்டக் கேக்காம செஞ்ச பாரு. அதுக்குத் திரும்பிப் போகும்போது நீ துடுப்பு வலி. மோட்டார்ல கைவைக்கக் கூடாது." மறுநாள் லாங் ஐலண்ட் வரை நான்தான் வலித்தேன். அக்கா முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் வழி காட்டினாள். பழிவாங்குவதில் அவள் ஆள் பார்ப்பதில்லை.

அவர் பிழைத்தார். லாஞ்ச் திரும்பி வந்து, அவரும் தேறி ஊர் வந்த நாளில், ஜெட்டியில் கூட்டத்துக்கு நடுவே நாற்காலியில் இருந்தார். அக்கா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போனாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அணைத்தபடி, அவள் கடந்து மறையும்வரை நின்றார். அக்கா அன்று இன்னும் மூன்று முறை தண்ணீருக்குப் போனாள். எங்கள் வீட்டில் குடங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன.

காலம் போனது. அவர் குத்தகையை விட்டு போர்ட் பிளேருக்கு வந்து, அபர்டீன் பஜாரில் கடை வைத்தார். நானும் பிழைப்புக்கு இங்கே, போர்ட் பிளேருக்கு, வந்திருந்தேன்; அத்தான் இறந்த பிறகு அக்காவும் என்னோடு வந்துவிட்டாள். காய்கறிக்கு நேர்வழி இருக்கிறது. அவள் சுற்றுவழியில், அந்தக் கடையைத் தாண்டித்தான் போவாள். அவர் முட்டி தேய்ந்துபோய்விட்டது. பேரன், "உக்காருங்க தாத்தா, எதுக்கு எந்திரிக்கிறீங்க?" என்று தோளை அழுத்துவான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டு, மேசையைப் பிடித்து, முகம் கோண, எழுந்து நிற்பார். கொத்தமல்லி மறந்துவிட்டது என்று சொல்லி அக்கா திரும்பி வருவாள். அவர் மறுபடி எழுவார். "இவங்க கை இல்லேன்னா நான் இல்ல" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார். அக்கா பதிலுக்குத் தலையசைக்கக்கூட மாட்டாள். ஒருநாள் எனக்கே தாங்கவில்லை. ஆணியைக் கொண்டுபோய் அவர் முன் வைத்து, இது அன்றைக்கு என் பையில் இருந்தது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் செத்திருந்தால் நான் கொலைகாரன் என்பது அதற்குள் எனக்கு உறைத்திருந்தது. உறைத்தும் ஆணியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சொல்லாத. சொன்னா அவனுக்கு நிம்மதியாப் போயிரும். நம்ம மேல ஒரு குத்தம் கெடைச்சிரும்ல? அப்புறம் எந்திரிக்க மாட்டான்."

முப்பது வருடம் அவர் எழுந்தார்.

அவர் இறந்து பதினேழாம் நாள், அக்கா வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு சுற்றுவழியில் நடந்தாள். நானும் கூடப் போனேன். கடை திறந்திருந்தது. பிரம்பு நாற்காலி வாசலிலேயே கிடந்தது, நடுவில் குழி விழுந்து. பேரன் எங்களைப் பார்த்ததும் எழுந்து அதைத் துடைத்து, "உக்காருங்க பாட்டி" என்றான். அக்கா நாற்காலியைப் பார்த்தாள். உட்காரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், பஜார் முழுக்க அவளைச் சுற்றிக்கொண்டு போகும்படி. பிறகு என் கையைப் பிடித்தாள். துடுப்புக் காம்பின் தழும்பு இன்னும் அவள் உள்ளங்கையில் கெட்டியாக இருக்கிறது. "ஏமாத்திட்டான்டா" என்றாள். திரும்பும்போது நேர்வழியில் வந்தோம்.

இப்போது அந்தத் தார்ப்பாய் நிழலை நினைவில் வைத்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். அவள் உள்ளே தூங்குகிறாள். ஆணி மேசைமேல் கிடக்கிறது. காலையில்தான் புளி போட்டுத் தேய்த்தேன். எந்த மோட்டாரிலும் மாட்டாதது. இன்னும் உடையவில்லை.